எலும்பு, நரம்பு, நடை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

முறிந்த எலும்பு கூடுவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்பை ஒட்டி, எதிர்பார்த்ததைவிட அதிகமான கடிதங்கள் வந்துவிட்டன. தனிப்பட்ட சிகிச்சை பற்றிய கேள்விகளுக்கு உங்களைப் பார்த்துத் தொட்டுச் சோதிக்கிற மருத்துவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதால், அவற்றை விலக்கிவிட்டு, எல்லோருக்கும் பொதுவான சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் பேரனுக்குக் கால் முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் அந்தக் கால் மட்டும் குச்சிபோல் மெலிந்திருக்கிறது. சதை மட்டும்தான் வற்றியதா, எலும்பும் மெலிந்திருக்குமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, தேனி)

பதில்: இரண்டும்தான். சதை வற்றியது கண்ணுக்குத் தெரிகிறது, எலும்பு மெலிந்தது தெரிவதில்லை. பேரன் சிறுவன் என்பதால் ஓடியாடத் தொடங்கியதும் இரண்டும் பெரும்பாலும் திரும்பிவிடும்.

சுடுகாட்டில் கடைசியாக மிஞ்சுவது எலும்பு என்பதாலோ என்னவோ, அதை உயிரற்ற கம்பாகவே நினைத்துப் பழகிவிட்டோம். உயிருள்ள உடம்பில் எலும்பு ஓயாமல் இடிக்கப்பட்டும் கட்டப்பட்டும் வருகிறது. எலும்பை அரித்துக் கரைக்கும் செல்கள் ஒருபுறமும், அரித்த இடத்தில் புதிதாகக் கட்டும் செல்கள் மறுபுறமும் வேலை செய்கின்றன. கட்டி முடித்த செல்களில் ஒரு பகுதி, தான் கட்டிய சுவருக்குள்ளேயே புதைந்துபோய் ஆஸ்டியோசைட் என்னும் செல்லாக மாறுகிறது. வளர்ந்தவர்களின் எலும்புச் செல்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இவைதான். சிக்குண்டு கிடப்பதால் இவை சும்மா இருப்பதாக ஒருகாலத்தில் எண்ணினார்கள். மயிரிழையைவிட மெல்லிய கால்வாய்கள் வழியே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, எலும்பின் மேல் விழும் பாரத்தை உணர்ந்து, எங்கே இடிக்க வேண்டும், எங்கே கட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பும் மேஸ்திரிகள் இவையே என்பது இப்போது தெரிந்திருக்கிறது. மாவுக்கட்டுக்குள் பாரமே விழாதபோது, இந்த இடத்துக்கு இவ்வளவு எலும்பு தேவையில்லை என்று அவை முடிவுகட்டுகின்றன.

இதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். அடுத்த முறை ஆட்டுக்கறி வாங்கும்போது, தொடை எலும்பின் பந்து போன்ற முனையை நெடுக்குவாட்டில் பிளந்து தரச் சொல்லுங்கள். நல்லி இருக்கும் நடுத்தண்டு குழாய்போல் இருக்கும். முனைப்பகுதியோ கடற்பஞ்சுபோல் துளைகளாக இருக்கும். வெந்நீரில் அலசிக் கொழுப்பை நீக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அந்தத் துளைகள் கண்டபடி அமையவில்லை என்பதும், மெல்லிய எலும்புத் தகடுகள் வளைந்து வளைந்து வரிசையாகச் செல்கின்றன என்பதும் தெரியும். 1866இல் சூரிக் நகரில் உடற்கூற்றியல் பேராசிரியர் ஹெர்மன் ஃபொன் மேயர் மனிதத் தொடை எலும்பில் இந்த வரிசைகளைக் காட்டியபோது, பாலங்களைக் கணக்கிடும் பொறியாளரான கார்ல் குல்மன் அதைப் பார்த்துத் திகைத்துப்போனார். பாரம் தூக்கும் வளைந்த கிரேன் ஒன்றுக்குள் இழுவிசையும் அழுத்தமும் எந்தெந்தக் கோடுகளில் செல்லும் என்று அவர் தம் மாணவர்களுக்கு வரைந்து காட்டும் படம் அந்த எலும்பை ஒத்திருந்தது. அதிலிருந்து தொடங்கி, 1892இல் பெர்லின் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப், பாரம் மாறினால் எலும்பின் உள்ளமைப்பும் வடிவமும் அதற்கேற்ப மாறும் என்ற விதியை வகுத்தார். மாற்றத்தைக் கணிதத் துல்லியத்தோடு சொல்லிவிடலாம் என்று அவர் நம்பியது தேறவில்லை; கருத்து தேறிவிட்டது.

சான்றுக்கு இரண்டு உதாரணங்கள் போதும். இளம் வயதிலிருந்தே டென்னிஸ் ஆடிய தொழில்முறை ஆட்டக்காரர்களை 1977இல் ஆராய்ந்தபோது, ஆண்களின் ஆடும் கையில் மேற்கை எலும்பின் சுவர் மறு கையைவிட ஏறத்தாழ 35 சதவீதமும், பெண்களுக்கு 28 சதவீதமும் தடித்திருந்தது. ஒரே உடம்பு, ஒரே சாப்பாடு, ஒரே மரபணு. வேறுபட்டது வீச்சு மட்டும்தான். இதற்கு மறுகோடியில், எடையின்றி மிதக்கும் விண்வெளி வீரர்கள் இடுப்பெலும்பின் தாதுச் செறிவில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை இழக்கிறார்கள்.

கேள்வி: பாரம் விழுந்தால் எலும்பு வலுக்கும் என்றால், ஜவுளிக்கடையில் தினமும் பத்து மணி நேரம் நிற்கும் எனக்கு இரும்புக் கால்கள் இருக்க வேண்டுமே?
(விற்பனையாளர், மதுரை)

பதில்: உங்கள் கிண்டலில் ஓர் ஆராய்ச்சிக் கேள்வியே அடங்கியிருக்கிறது. 1980களில் லான்ஸ் லேன்யன், கிளின்டன் ரூபின் ஆகிய இருவரும் பறவையின் சிறகெலும்பு ஒன்றை மற்ற எலும்புகளின் பாரம் படாதபடி தனிமைப்படுத்தி, அதன்மேல் தாங்களே அளந்து பாரம் கொடுத்துப் பார்த்தார்கள். அசையாத பாரத்தைத் தொடர்ந்து சுமத்தியபோது, பாரமே இல்லாத எலும்பைப் போலவே அதுவும் மெலிந்தது. பாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்தபோதோ, நாளுக்கு 4 முறை கொடுத்தாலே இழப்பு நின்றது. 36 முறை கொடுத்தால் புது எலும்பு நன்றாகப் படிந்தது. அதற்குமேல் நூற்றுக்கணக்கில் ஏற்றினாலும் கூடுதல் பயன் இல்லை.

காரணம், முன்பு சொன்ன மெல்லிய கால்வாய்களில் இருக்கும் நீர்மம். எலும்பு கொஞ்சம் வளைந்து நிமிரும்போதெல்லாம் ஈரத்துணியைப் பிழிந்து விடுவதுபோல் அந்த நீர்மம் ஓடித் திரும்புகிறது, அந்த ஓட்டத்தைத்தான் ஆஸ்டியோசைட்டுகள் உணர்கின்றன. பிழிந்த துணியைப் பிழிந்தபடியே வைத்திருந்தால் ஓட்டம் ஏது? ஆகவே எலும்பின் கணக்கில் நிற்பது உழைப்பாகாது; நடப்பதும் படியேறுவதும் குதிப்பதும்தான் உழைப்பு. நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு எவ்வளவு நல்லவையோ, எலும்புக்கு அவ்வளவு பெரிதாக உதவாததும் இதனால்தான். கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2021இல் சட்டத்தைத் திருத்தியது. அதனால் உங்கள் எலும்பு எதையும் இழக்கப்போவதில்லை என்பதை முதலாளியிடம் தாராளமாகச் சொல்லலாம்.

கேள்வி: எலும்பிலிருந்து மின்சாரம் வரும் என்று யூடியூபில் பார்த்தேன். உண்மையா?
(பிளஸ் டூ மாணவர், அரியலூர்)

பதில்: மிக நுண்ணிய அளவில் உண்மை. உலர்ந்த எலும்பை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் தோன்றுகிறது என்பதை ஜப்பானியர்களான எய்ச்சி ஃபுகாடாவும் இவாவோ யசுடாவும் 1957இல் காட்டினார்கள். உயிருள்ள, ஈரமான எலும்பில் பெரும்பங்கு வகிப்பது மேலே சொன்ன நீர்மம் ஓடுவதால் உண்டாகும் மின்னழுத்தம்தான். அதைக்கொண்டு செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற முடியாது.

கேள்வி: கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டு மணிக்கட்டில் நரம்பு அறுந்துவிட்டது. தைத்து மூன்று மாதமாகியும் விரல் நுனி மரத்தே இருக்கிறது. நரம்பு மெதுவாக வளரும், பொறுத்திருங்கள் என்கிறார் டாக்டர். அறுந்த நரம்புக்குப் போகவேண்டிய வழி எப்படித் தெரியும்?
(விவசாயி, பாபநாசம்)

பதில்: டாக்டர் சொல்வது சரியான கணக்கு. தைத்த நரம்பில் இழைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி 17, 18 சென்டிமீட்டர் இருக்குமானால், தொடக்கத் தாமதத்தை விட்டுவிட்டாலும் ஆறு மாதம் ஆகும்.

நரம்பிழை என்பது தனித்த நூலன்று. தண்டுவடத்திலோ அதன் அருகிலோ இருக்கும் ஒரு செல்லின் நீண்ட கை. கையை வெட்டினால் செல்லோடு ஒட்டிய பகுதி பிழைத்துக்கொள்ளும், துண்டான பகுதி சிதைந்து மறையும் என்பதை 1850இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டிக் கண்டறிந்தார். இழை மறைந்தாலும் அதைச் சுற்றியிருந்த ஷ்வான் செல்களின் உறை நெல் அறுத்த வயலில் வரப்பு நிற்பதுபோல் அப்படியே நிற்கிறது. புது இழை அந்தக் குழாய்க்குள் நுழைந்துவிட்டால் பழைய இடத்துக்குப் போய்ச் சேரும். அறுவை மருத்துவர் இரண்டு முனைகளையும் அவ்வளவு கவனமாகப் பொருத்தித் தைப்பது இதற்காகத்தான்.

வளரும் நுனி எப்படிப்பட்டது என்பதை முதலில் கண்டவர் ஸ்பெயின் நாட்டவரான சாந்தியாகோ ரமோன் இ கஹால். 1890இல் கோழிக்கருவின் தண்டுவடத்தில், ஒவ்வொரு இழையின் முனையிலும் விரித்த உள்ளங்கை போன்ற கூம்பு ஒன்று இருப்பதைப் பார்த்து, அது முன்னே துழாவிக்கொண்டு போகிறது என்று ஊகித்தார். அவர் பார்த்ததோ இறந்த, சாயமேற்றிய திசு. உயிருள்ள நுனி நகர்வதை 1907இல் ராஸ் ஹாரிசன், தவளைக்கரு நரம்புத்துண்டை நிணநீர்த் துளி ஒன்றில் தொங்கவிட்டு உருப்பெருக்கியில் நேரடியாகவே கண்டார். உடம்புக்கு வெளியே திசுவை வளர்க்கும் கலை அந்தத் துளியில்தான் பிறந்தது.

இழை எதுவரை வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. 1915இல் பிரெஞ்சு மருத்துவர் ஜூல் தினெல், போரில் காயம்பட்டவர்களைப் பார்த்துச் சொன்னது அது. நரம்பு செல்லும் பாதையில் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், வளரும் நுனிகள் இருக்கும் இடத்தில் எறும்பு ஊர்வதுபோல் விரலுக்குள் சுரீரென்று இருக்கும். அந்த இடம் மாதத்துக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் விரல் பக்கமாக நகர்ந்தால் நரம்பு வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதுவரை, அறுவடையின்போதும் அடுப்படியிலும் அந்த விரலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருங்கள். அதற்குச் சூடு தெரியாது.

கேள்வி: பயிருக்கு உரம்போல், நரம்பு வளர உரம் ஏதாவது உண்டா?
(மருந்துக்கடை உரிமையாளர், நாகர்கோவில்)

பதில்: உண்டு. அது கிடைத்த கதையையும் சொல்லியாக வேண்டும்.

ரீட்டா லெவி மொந்தால்சினி 1909இல் இத்தாலியின் தூரின் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்து ஆராய்ச்சியில் இறங்கிய நேரத்தில், முசோலினி அரசு 1938இல் கொண்டுவந்த இனச் சட்டங்கள் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றின. அவர் தம் படுக்கையறையிலேயே ஆய்வுக்கூடம் அமைத்தார். தையல் ஊசிகளைத் தீட்டிக் கத்தியாக்கிக்கொண்டு கோழிக்கருக்களை அறுத்தார். குண்டுவீச்சுக்குப் பயந்து குடும்பம் கிராமத்துக்குப் போனபோது, சேவல் சேர்ந்த முட்டைதான் பிள்ளைகளுக்குச் சத்து என்று சொல்லி விவசாயிகளிடம் முட்டை வாங்கினார். பிள்ளைகள் அவருக்குக் கிடையாது. கருவை எடுத்துக்கொண்டதும் மிச்சம் சமையலுக்குப் போனது.

கருவின் இறக்கை மொட்டை வெட்டிவிட்டால் அதற்குப் போகவேண்டிய நரம்புச் செல்கள் குறைந்துபோகின்றன என்று விக்டர் ஹாம்பர்கர் 1934இல் எழுதியிருந்தார். அவை உருவாகவே இல்லை என்பது அவர் விளக்கம். உருவாகி, போய்ச் சேர இடமின்றிச் சாகின்றன என்பது படுக்கையறையில் ரீட்டா கண்டது. போருக்குப் பின் ஹாம்பர்கரே அவரை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு அழைத்தார். சில மாதங்களுக்கென்று 1947இல் போனவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தார்.

சுண்டெலியின் ஒருவகைப் புற்றுக்கட்டியைக் கோழிக்கருவில் ஒட்டவைத்தால் நரம்புகள் அதற்குள் வெறிபிடித்தாற்போல் வளர்வதை அங்கே அவர் ஆராய்ந்தார். கட்டியிலிருந்து ஏதோ ஒன்று கசிகிறது என்று சந்தேகித்து, 1952இல் கட்டி கொண்ட இரண்டு சுண்டெலிகளை எடுத்துக்கொண்டு விமானமேறி, திசு வளர்ப்பில் தேர்ந்த தோழி ஒருவர் இருந்த ரியோ டி ஜெனிரோவுக்குப் போனார். கட்டித்துண்டை நரம்பு முடிச்சின் அருகே வைத்தபோது, ஒரே நாளில் முடிச்சைச் சுற்றிலும் இழைகள் சூரியக் கதிர்போல் விரிந்தன. அந்தப் பொருளைப் பிரித்தெடுக்கும் வேலையில் ஸ்டான்லி கோஹென் சேர்ந்தார். கலவையில் இருந்த நியூக்ளிக் அமிலத்தைச் சிதைப்பதற்காக மட்டும் பாம்பு விஷத்தைச் சேர்த்துப் பார்த்தபோது, விஷத்திலேயே அந்தப் பொருள் கட்டியைவிடப் பல மடங்கு இருந்தது தெரிந்தது. விஷப்பை என்பது ஒருவகை உமிழ்நீர்ச் சுரப்பிதானே என்று யோசித்துச் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைத் தேடினால், அங்கேயும் கொட்டிக்கிடந்தது. நரம்பு வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக என்.ஜி.எஃப்., இப்படித்தான் வசப்பட்டது. இருவருக்கும் 1986இல் நோபெல் பரிசு கிடைத்தது. ரீட்டா 103 வயதுவரை வாழ்ந்து 2012இல் மறைந்தார்.

ஆனால், மருந்துக்கடைக்காரரே, இதை டானிக்காக விற்க முடியாது. வளர்ந்தவர்களின் உடம்பில் என்.ஜி.எஃப். செய்யும் முக்கியமான வேலைகளில் ஒன்று வலியைக் கூட்டுவது. அப்படியென்றால் அதைத் தடுத்தால் வலி குறையுமே என்ற எண்ணத்தில், மூட்டுத் தேய்வுக்காகத் தனேசுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்தை உருவாக்கினார்கள். வலி குறைந்தது உண்மை. ஆனால் சிலருக்கு மூட்டே வேகமாகச் சிதைந்ததால் 2010இல் சோதனைகள் நிறுத்தப்பட்டன. மீண்டும் தொடங்கி நடந்த சோதனைகளையும் பார்த்துவிட்டு, 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக்குழு, 19க்கு 1 என்ற வாக்கில் இதன் ஆபத்து பயனை விஞ்சுகிறது என்று சொல்லிவிட்டது.

எலும்பும் இந்தக் காரணியை நம்பித்தான் இருக்கிறது. எலும்பின் மேலுறையில் உணர்வு நரம்புகள் அடர்ந்திருக்கின்றன. சுண்டெலியின் முன்கை எலும்பில் பாரம் ஏற்றினால், எலும்பு கட்டும் செல்கள் என்.ஜி.எஃப்.ஐச் சுரக்கின்றன, நரம்புகள் அதை ஏற்கும் வாயிலை அடைத்துவிட்டால், அதே பாரத்துக்கு எலும்பு குறைவாகவே வளர்கிறது என்று 2017இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. முதல் கேள்விக்கு நான் சொன்ன பதிலில் ஒரு திருத்தம் தேவை என்று இதற்குப் பொருள். பாரத்தைக் கேட்கும் காது எலும்புச் செல்லுக்கு மட்டுமல்ல, நரம்புக்கும் இருக்கிறது.

கேள்வி: வலியே தெரியாத உடம்பு வரம் இல்லையா? மூட்டு வலியால் தூங்காமல் இருக்கும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.
(இல்லத்தரசி, ஆம்பூர்)

பதில்: உங்கள் வலியைக் குறைத்துப் பேசவில்லை, அம்மா. ஆனால் இந்தக் கேள்விக்கான விடை உங்கள் ஊருக்கு வெகு அருகிலேயே கண்டறியப்பட்டது.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர், 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிப் பார்த்தபோது, மடங்கி முடங்கிய விரல்களோடு ஒரு நோயாளி அவர் கையைப் பற்றிக் குலுக்க, அவருக்கு வலி உயிர்போயிற்று. செத்துவிட்டதாகக் கருதப்பட்ட கையில் இவ்வளவு பிடி எப்படி? சில தசைகள்தான் செயலிழந்திருந்தன, மற்றவை நல்ல வலுவோடு இருந்தன என்பது அதிலிருந்து புரிந்தது. நல்ல தசையின் தசைநாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சையை 1948 முதல் வேலூரில் அவர் செய்யத் தொடங்கினார். மூடிய விரல்கள் திறந்தன.

அதைவிடப் பெரிய கேள்வி, விரல்கள் ஏன் குறுகிக் காணாமல் போகின்றன என்பது. தொழுநோய் சதையையும் எலும்பையும் அழுகவைத்து உதிர்க்கிறது என்றுதான் உலகமே நம்பியது. ஒருநாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறியபோது, பத்து வயதுப் பையன் ஒருவன் வந்து சாவியை ஒரே திருகாகத் திருகித் திறந்துவிட்டான். தரையில் இரத்தம் சொட்டியது. பையனின் விரலைப் பிடித்துப் பார்த்தால், எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. நாம் எந்த இடத்தில் வலித்துக் கையை விட்டிருப்போமோ, அந்த இடம் அவனுக்கு வரவில்லை. அதன்பின் பிராண்டும் உடன் பணியாற்றியவர்களும் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடி நோயாளிகளோடு சேர்ந்து துப்பறிந்தார்கள். கொதிக்கும் பானை, ஆணி குத்திய செருப்பு, மண்வெட்டிப் பிடியின் பிசிறு என்று ஒவ்வொன்றாக அகப்பட்டது. இரவில் மட்டும் விரலின் ஒரு பகுதி காணாமல் போவது எதனால் என்று விழித்திருந்து பார்த்தபோது, எலி வந்து கடித்துக்கொண்டிருந்தது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளிக்கு மருந்தோடு ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள்.

கிருமி நரம்பைத்தான் கொல்கிறது. விரலைக் கரைப்பது பெரும்பாலும் உணராத காயமும் அதில் ஏறும் சீழும். பாதத்துக்கும் இதே கதைதான். நாம் நடக்கும்போது கால் கொஞ்சம் வலித்தாலே அறியாமல் பாரத்தை மாற்றி மாற்றி வைக்கிறோம். உணர்வற்ற கால் ஒரே இடத்தில் ஆயிரம் முறை அழுத்தும். ஆகவே நுண்துளை ரப்பரில் மெத்தென்ற செருப்பு செய்யும் வேலையும் வேலூர், கரிகிரி மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைக்குச் சமமான மதிப்போடு நடந்தது. இன்று சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குத் தரப்படும் எம்.சி.ஆர். செருப்பு அதே ரப்பரில் செய்வதுதான். சர்க்கரை நோயாளிகளில் சிலருக்குப் பாத எலும்புகள் நொறுங்கிப் பாதமே படகின் அடிபோல் வளைந்துவிடும். நரம்பு கெட்டால் மூட்டு சிதைகிறது என்று 1868இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ விவரித்ததால் அதற்கு ஷார்கோ பாதம் என்று பெயர். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், இரவில் படுக்குமுன் உள்ளங்கால்களை ஒருமுறை கண்ணாடி வைத்தாவது பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கண்ணை மூடிக்கொண்டாலும் கை எந்த முத்திரையில் இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. இது எந்தப் புலன்?
(பரதநாட்டிய ஆசிரியை, சிதம்பரம்)

பதில்: ஐம்புலன்களின் பட்டியலில் விட்டுப்போனது. தசைக்குள்ளும் தசைநாணுக்குள்ளும் இருக்கும் நரம்பு முனைகள், எவ்வளவு நீண்டிருக்கிறோம், எவ்வளவு இழுபடுகிறோம் என்று ஓயாமல் தெரிவித்துக்கொண்டே இருக்கின்றன. அழுத்தத்தையும் இழுப்பையும் மின்குறிப்பாக மாற்றும் பீசோ என்னும் புரதங்களை ஆர்டெம் படபூட்டியன் குழுவினர் 2010இல் கண்டறிந்தார்கள். 2021இல் அவருக்கு நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. பிறவியிலேயே பீசோ-2 வேலை செய்யாத இருவரைப் பற்றி 2016இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். கண் திறந்திருந்தால் அவர்களால் நடக்க முடிந்தது, கண்ணைக் கட்டினால் தடுமாறி விழப்போனார்கள். இதில் என்னை வியக்கவைத்தது வேறு: இருவருக்கும் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. நரம்பு நிமிரச் சொல்லாவிட்டால் எலும்பு நேராக வளர்வதில்லை. தசை, தசைநாண் நரம்புகளில் மட்டும் இந்தப் புரதத்தை நீக்கிய சுண்டெலிகளுக்கும் அப்படியே வளைந்தது.

கேள்வி: கறிக்கடையில் தலை வெட்டிய கோழி எப்படி ஓடுகிறது?
(பெயரும் ஊரும் வேண்டாம் என்கிறார் வாசகர்)

பதில்: கால்களை மாற்றி மாற்றி வைக்கும் தாளம் தலையில் இல்லை, தண்டுவடத்தில் இருக்கிறது. மூளையோடு தொடர்பறுந்த பூனையின் தண்டுவடமும் தானாகவே நடையின் தாளத்தை எழுப்பும் என்று தாமஸ் கிரகாம் பிரவுன் 1911இல் காட்டினார். 1966இல் மாஸ்கோவில் ஷிக், செவரின், ஒர்லோவ்ஸ்கி மூவரும், பெருமூளை நீக்கிய பூனையை ஓடுபொறியின் மேல் நிறுத்தி, நடுமூளையின் ஓரிடத்தில் மின்தூண்டல் கொடுத்தார்கள். தூண்டலைக் கூட்டக்கூட, நடந்த பூனை துள்ளுநடை போட்டு, பிறகு பாய்ந்தோடியது. மூளை அனுப்புவது ‘புறப்படு’, ‘வேகம்’ என்ற கட்டளை மட்டும்தான், எந்தக் காலை எப்போது எடுப்பது என்பதைத் தண்டுவடம் பார்த்துக்கொள்கிறது. மனிதர்கள் இரண்டு காலில் நிற்பதால் சமநிலைக்கு மூளையை அதிகம் நம்பியிருக்கிறோம். தலையில்லாமல் ஓடும் வசதி நமக்கில்லை.

கேள்வி: யானையால் ஓட முடியாது என்கிறார் என் தாத்தா. துரத்தியபோது அது வந்த வேகத்தைப் பார்த்தவன் நான். யார் சொல்வது சரி?
(கூடலூர் வாசகர்)

பதில்: நீங்கள் உயிரோடு கடிதம் எழுதியிருப்பது மகிழ்ச்சி. ஜான் ஹட்சின்சன் குழுவினர் தாய்லாந்தில் 42 ஆசிய யானைகளைப் படம்பிடித்து 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவை மணிக்கு 25 கிலோமீட்டர் வரை எட்டின. ஆனால் எவ்வளவு வேகத்திலும் நான்கு கால்களும் ஒருசேரத் தரையைவிட்டு எழவே இல்லை. கால் எழும்பினால்தான் ஓட்டம் என்றால் தாத்தா சொல்வது சரி. பின்னங்கால்கள் வில்போல் அமுங்கி எழுவதை வைத்துப் பார்த்தால் அது ஓட்டம்தான், நீங்கள் சொல்வதும் சரி.

யானை துள்ளாததற்கு எலும்பே காரணம். உடம்பை எல்லாப் பக்கமும் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும். எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும் என்று கலிலியோ 1638இலேயே எழுதினார். அதனால் யானை கால்களை மடக்காமல் தூண்போல் நிறுத்துகிறது. அதன் கால் எலும்பைப் பிளந்தால் நல்லிக்கான வெற்றிடமே இருக்காது. உள்ளும் எலும்புப் பஞ்சு நிறைந்திருக்கும். நரம்பும் ஒரு காரணம். யானையின் கால் நரம்பில் செய்தி நொடிக்கு சுமார் 70 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்று அளந்திருக்கிறார்கள். பாதத்தில் கல் குத்திய செய்தி இரண்டு மீட்டர் ஏறித் தண்டுவடம் சேர்ந்து, கட்டளை மீண்டும் இரண்டு மீட்டர் இறங்குவதற்குள் ஒரு நொடியில் பதினேழில் ஒரு பங்கு போய்விடும். மூஞ்சூறுக்கு இந்தத் தூரம் சில சென்டிமீட்டர்தான். தாமதமாகச் செய்தி வரும் உடம்பு கால்களைத் தரையிலேயே வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

கேள்வி: காட்டோரம் உதிர்ந்து கிடந்த புள்ளிமான் கொம்பு ஒன்றை என் மகன் எடுத்து வந்தான். மாட்டுக்கொம்பு உதிர்வதில்லையே, இது ஏன் உதிர்கிறது? வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?
(சத்தியமங்கலம் வாசகர்)

பதில்: இரண்டையும் தமிழில் கொம்பு என்றே சொன்னாலும் இவை வேறு வேறு. மாட்டுக்கொம்பு, உள்ளே எலும்புக் குருத்தும் வெளியே நகம்போன்ற உறையும் கொண்டது. வெளிமான் கொம்பும் அந்த வகைதான். புள்ளிமானுக்கும் கடமானுக்கும் இருப்பது முழுக்க எலும்பு. ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைப்பது. பெரிய மான் இனங்களில் இது நாளுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளும். அப்போது அதன்மேல் மென்மயிர்த் தோலும் இரத்தக் குழாய்களும் போர்த்தியிருக்கும். முகத்துக்குரிய நரம்பின் கிளைகளும் எலும்போடு சேர்ந்தே நீள்கின்றன. பாபநாசம் விவசாயியின் விரலுக்கு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் போகிற நரம்பு, மானின் தலையில் சென்டிமீட்டர் கணக்கில் போகிறது என்பதைப் பாருங்கள். நரம்பு ஆராய்ச்சியாளர்கள் மான் கொம்பின்மேல் கண் வைத்திருப்பது இதற்காகத்தான். இவ்வளவு சுண்ணாம்புச் சத்துக்கு மேய்ச்சல் போதாமல், வளரும் பருவத்தில் மானின் விலா எலும்புகளிலிருந்து எடுத்துக் கொம்புக்குக் கொடுக்கப்படுகிறது. பின்னர் அது ஈடுகட்டப்படுகிறது. இனப்பெருக்கக் காலம் நெருங்கியதும் கொம்பு இறுகி, தோல் உரிந்து, நரம்பும் மடிந்துவிடும். அதன் பிறகுதான் மான்கள் முட்டிக்கொள்கின்றன.

வைத்துக்கொள்ளக் கூடாது. உதிர்ந்த கொம்பாக இருந்தாலும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். ஒப்படைக்குமுன் மகனோடு சேர்ந்து அதன் ஓரங்களைப் பாருங்கள். இணையான பள்ளங்களாகச் சுரண்டிய தடம் இருந்தால், உங்கள் மகனுக்கு முன்பே ஒரு முள்ளம்பன்றி அதைக் கண்டெடுத்து, சுண்ணாம்புக்காகக் கொறித்துவிட்டுப் போயிருக்கிறது.